கோப்பு 0417

தேவனாம்பட்டினம் கலிவரதன்
உப்புப் பூத்த ஹார்டு டிஸ்க் ஒன்றை
கண்ணாடி மேசையில் வைத்து
“பாப்பா காதுகுத்து போட்டோ மட்டும் வந்தா போதும் மேடம்” என்றார்.
கப்பலில் நாலு வருடம், இஞ்சின் ரூம்.
காது சற்று மந்தம்.
எல்லாவற்றையும் கத்தியே சொன்னார்.

லாரன்ஸ் ரோட்டில் என் கடை ஆறடிக்கு ஒன்பதடி.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரவெல்லாம் டிஸ்க்கை ஓடவிட்டேன்.
மீட்கிற மென்பொருள் பொருளைத் தரும்,
பேரைத் தராது.
வெள்ளம் வடிந்த தெருவில்
பேர் வெட்டாத பாத்திரங்கள்போல
கோப்பு 0001, கோப்பு 0002.
ஒரே ஒரு உறையின் பேர் மட்டும் தப்பியிருந்தது:
மெக்ஸிகோ 71–83.

காதுகுத்து கிடைத்துவிட்டது.
மாமன் மடி, வாய் முழுக்க அழுகை,
பின்னால் யாரோ பூந்தி தின்கிறார்கள்.
அப்போதே மூடியிருக்கலாம்.
ஒலிக்கோப்புகள் பழுதில்லாமல் வந்தனவா என்று பார்க்க
ஒன்றைத் திறந்தேன்.
0417.
பதினேழு நிமிடம்.

பதினேழு நிமிடத்துக்கு யார் பாட்டு போடுவார்கள்?
பாசஞ்சர் ஒன்று வந்து நின்று கிளம்பியும் போனது,
இன்னும் பாடகன் வாயைத் திறக்கவில்லை.
மூச்சே வாங்காத ஒரு புல்லாங்குழல்.
மண்குடத்தை யாரோ விரலால் விசாரிப்பது.
பிறகு ஒரு கிதார்,
வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர்போல
முதலில் தூசியைத் தள்ளிக்கொண்டு.

ஸ்க்ரூ வைக்கும் தட்டில் தாளம் போட்டேன், நாலு நாலாக.
ஒவ்வொரு சுற்றிலும்
இல்லாத படியில் கால் வைத்த மாதிரி தடுக்கியது.
மூன்றாம் முறை கேட்கும்போது பிடிபட்டது:
ஏழு.
தகிட தகதிமி.
மாசி மகத்துக்குச் சாமிகள் கடலுக்கு இறங்கும்போது
தவில்காரர் வேர்வையைத் துடைக்காமல் தட்டுவாரே,
அந்த ஏழு.
அங்கே எப்படிப் போயிற்று என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.
எண்ணிக்கைக்கு எந்த ஊர்?

ஒன்பதாம் நிமிடத்தில்
எல்லாம் சட்டென்று நின்றது. இரண்டு எண்ணிக்கை.
ஒன்றுமில்லை.
பிறகு வேறொரு இடத்திலிருந்து, வேறொரு உயரத்தில் தொடங்கியது.
என்ன துணிச்சல் என்று
தனியாக, சத்தமாகச் சொன்னேன்.

ஒரு வாரம் அவர்களுக்கு நானே பேர் வைத்தேன்.
ஒருவன் ‘ஈர மிளகாய்’.
இன்னொரு கூட்டம் ‘சுங்கச்சாவடி’ —
போவார்கள், நிற்பார்கள், மறுபடி போவார்கள்.
ஆர்கனை மட்டும் நம்பிய ஒருவன் ‘கெடிலம்’,
வருஷத்தில் பத்து நாள்தான் ஓடுவான்.

கலிவரதன் வந்தார். எண்ணூறு ரூபாய்.
“பாட்டெல்லாம் இருக்கே, யாருது?”
“கேபின்ல கூட இருந்தவன் ஏத்துனது. மெக்ஸிகோக்காரன்.
வேராக்ரூஸ்ல எறங்கிட்டான்.
எனக்கு அது தலைவலி மேடம், அழிச்சிடுங்க.”
அவர் கண்ணெதிரே
அவர் டிஸ்க்கில் அழித்தேன்.

பிறகுதான் தேடல்.
பேர் தெரியாதவனை எந்த வாசலில் விசாரிப்பது?
பக்கத்தில் நூருல்லா கடையில்
சப்போட்டா ஜூஸை உறிஞ்சிக்கொண்டே
போனில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
(சப்போட்டா அந்த ஊர்ச் சொல்லாம்.
இத்தனை நாளும் வாயில்தான் இருந்திருக்கிறது.)
‘சுங்கச்சாவடி’ குவாதலஹாராவில் அண்ணன் தம்பி இரண்டு பேர்.
‘கெடிலம்’ ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு
பல் டாக்டர் ஆகிவிட்டான்.

ஆடி மாதம், கரண்ட் போன ஒரு மத்தியானம்,
0417 முழுசாகக் கிடைத்தது.
நல்ல பிரதி. கீறல் இல்லை, இரைச்சல் இல்லை.
ஒன்பதாம் நிமிடத்தில்
நிற்கவே இல்லை.
அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது,
மாடிப்படியை ஒழுங்காக இறங்குகிற ஆள் மாதிரி.

அந்த இரண்டு எண்ணிக்கை
அவர்கள் போட்டதில்லை.
டிஸ்க்கில் உப்பு தின்ற இடம்.

இப்போது கடையில் நல்ல பிரதிதான் ஓடுகிறது.
அந்த இடம் வரும்போது மட்டும்
கையில் ஸ்க்ரூடிரைவரோடு
விரலை இறக்காமல் நிற்கிறேன்.
பாட்டு என்னை விட்டுவிட்டுப் போகிறது.
எதிரே, உடைந்த போனோடு நிற்கும் பையன்
பயந்துபோய்க் கேட்கிறான்:
“என்னக்கா, சரி பண்ண முடியாதா?”